புத்தகத்தில் வராத வெள்ளம்

மகனே முகிலா, உறையைப் பிரித்ததும் பக்கங்களை எண்ணிப் பார்த்து மலைத்துப்போயிருப்பாய். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஃபோனில் பேசுகிறோம், அப்புறம் இவ்வளவு நீளமாக எழுத என்ன இருக்கிறது என்று கேட்பாய். ஃபோன் இருப்பது கூடத்தில். கூடத்தில் உன் அம்மா இருப்பாள். நான் சொல்லப்போகும் கதை அவள் காதில் விழுந்தால் வரிக்கு வரி திருத்துவாள். "அப்படியா நடந்திச்சு? ஒழுங்கா சொல்லுங்க லா" என்பாள். அதனால் செம்பனை எண்ணெய் மில்லில் லோரி வரிசையில் நிற்கிற நேரத்தில், ஸ்டியரிங்மேல் அட்டையை வைத்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தான் என்று புரிந்துகொள்.

கல்யாணம் என்றால் உனக்கு ஆளாளுக்குப் புத்தி சொல்வார்கள். உன் மாமா ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி. என்னிடம் அந்த மாதிரி புத்திமதி எதுவும் இல்லை. ஒரு நாவலும், அந்த நாவலை வைத்து எடுத்த ஒரு சினிமாவும், அந்த இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்ட கதையும்தான் இருக்கிறது. நாவலின் பெயரை இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் நீ ஜொகூரில் ஏதாவது வீடியோ கடைக்குப் போய், படத்தை வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்துகொண்டதாக நினைப்பாய். உன்னை எனக்குத் தெரியும். ஏனென்றால் என்னை எனக்குத் தெரியும்.

உன் அம்மாவைப் பெண் பார்க்க ரெம்பியா பக்கத்துத் தோட்டத்துக்கு நான் போனபோது எனக்கு இருபத்துமூன்று வயது. டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவள் காலையில் ரப்பர்ப் பாலெடுக்க மரம் வெட்டப்போவாள், மத்தியானம் வந்து குளித்துவிட்டுப் படிக்க உட்காருவாள் என்று அவள் அண்ணன் பெருமையாகச் சொன்னார். வட்டார மன்றம் நடத்திய கட்டுரைப் போட்டியில் அவள் முதல் பரிசு வாங்கியிருந்தாள். பரிசாகக் கிடைத்ததுதான் அந்த நாவல். காப்பியெல்லாம் குடித்து முடித்து நாங்கள் கிளம்பும்போது, அவள் அந்தத் தடித்த புத்தகத்தை அண்ணன் கையில் கொடுத்து என்னிடம் கொடுக்கச் சொன்னாள். "படிச்சிட்டுத் திருப்பித் தரணுமாம்" என்றார் அவர் கூச்சத்தோடு. என்கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைத் திறந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. எனக்குப் படிப்பு வேகமாக வராது. எழுத்து தெரியும், வார்த்தை தெரியும், ஆனால் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குப் போவதற்குள் முந்தைய வரி நழுவிவிடும். அந்த நாவல் ஆற்றில் தொடங்கியது. ஆறு எங்கே பிறக்கிறது, எந்தப் பாறையில் மோதுகிறது, எந்த ஊரைத் தொடுகிறது என்று பதினோரு பக்கம். ஆள் ஒருவரும் வரக் காணோம். நாலு நாள் முயன்றேன். அப்புறம் எங்கள் லயத்து வரிசை வீட்டில் இருந்த ஆறுமுகத்திடம் போனேன். ஆறுமுகத்தின் தங்கை அதைப் படித்திருந்தாள். தங்கை அவனுக்குச் சொன்னதை அவன் எனக்குச் சொன்னான். "ஒருத்தி பரிசல் ஓட்டுறாடா. ஒருத்தன் பாலம் கட்ட வர்றான். ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போவுது. கடைசியில அழுவாச்சியா இருக்குமாம்." நானூற்று சொச்சம் பக்கம் எனக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அடுத்த மாதம் அவர்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில், நீர்மோர்ப் பந்தல் பக்கம், உன் அம்மா என்னை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டாள். "படிச்சீங்களா?" படிச்சேன் என்றேன். "முழுசா?" முழுசா என்றேன். அடுத்த கேள்வி வந்தது. "கடைசியில அவ செஞ்சது சரியா?"

அவள் என்ன செய்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆறுமுகம் சொன்ன அழுவாச்சி மட்டும்தான் ஞாபகம் இருந்தது. "சரிதான். வேற என்ன செய்வா, பாவம்" என்றேன். அந்த நிமிஷம் உன் அம்மா முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மறுநாளே சம்மதம் என்று ஆள் வந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு பொய்யால் பெண் கிடைத்தது என்று அப்போது தோன்றவில்லை. சமயத்தில் புத்தி வேலை செய்தது என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் பத்தொன்பது வருஷம். நீ பிறந்தாய், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், நாம் டுரியான் துங்காலுக்கு வந்தோம், நான் லோரிக்கு மாறினேன். அவ்வளவு காலமும் உன் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இவரு அதிகம் பேச மாட்டாரு. ஆனா அந்தக் கதையைப் படிச்சிட்டு ஒரே வார்த்தையில சொன்னாரு பாருங்க, அதுக்குத்தான் கட்டிக்கிட்டேன்." நான் பக்கத்தில் நின்று அடக்கமாகச் சிரிப்பேன். உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு சிரம்பானில் இடம் இருக்கிறது, மூன்று மாதம் தங்கிப் படிக்கவேண்டும் என்று அவள் வந்து சொன்னாள். "மூணு மாசம் வீட்டை யாரு பாக்குறது? பையனுக்கு யாரு ஆக்கிப்போடுறது?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்களா இப்படி சொல்றீங்க?" என்றாள். சண்டை போடவில்லை. விண்ணப்பப் பாரத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள். அந்த 'நீங்களா' எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. எல்லாப் புருஷனும் கேட்கிற கேள்விதானே என்று விட்டுவிட்டேன்.

நீ கோலாலம்பூரில் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம்தான் அந்த நாவல் படமாக வருகிறது என்று சேதி வந்தது. உன் அம்மா வார இதழில் படித்துவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். படத்தில் நடிப்பவளின் புகைப்படத்தை வெட்டி வைத்துக்கொண்டு, "தோள் கொஞ்சம் பத்தாது. பரிசல் ஓட்டுறவளுக்கு இது பத்தாது" என்று தினமும் குறை சொல்வாள். தமிழ்நாட்டில் வெளியாகிச் சில மாதம் கழித்து மலாக்கா டவுனுக்குப் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. எதிர்வீட்டு சரசு அக்கா தன் ஸ்கூல் வேனை எடுத்தார். அவரே ஓட்டினார். பிள்ளைகள் உட்காரும் குட்டி சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். உன் அம்மா கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் அமர்ந்து, வழியெல்லாம் சரசு அக்காவுக்குக் கதையின் முதல் பாதியைச் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியை மட்டும் சொல்லவில்லை. "அத நீங்களே பாருங்கக்கா. இவரு மாதிரி புரிஞ்சா நல்லாருக்கும்."

படம் பிரமாதம், முகிலா. இன்றைக்கும் சொல்வேன். ஆறு பாட்டு. பஞ்சாயத்துத் தலைவன் ஒருவன் வில்லன், மீசையே ஒரு முழம். பரிசலில் ஏறத் தெரியாமல் தண்ணீரில் விழுந்துகொண்டே இருக்கும் ஒரு காமெடியன். கடைசியில் வானம் பிளந்து மழை கொட்ட, கட்டி முடித்த பாலம் இடிய, அவள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போக, பாலம் கட்ட வந்த என்ஜினியர் சட்டையோடு குதித்து அவளைத் தூக்கி வருகிறான். தியேட்டரே விசில் அடித்தது. நானும் அடித்தேன். உன் அம்மா பக்கம் திரும்பினால் அவள் கையைக் கட்டிக்கொண்டு பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் கிளேபாங் கடலோரத்தில் வேனை நிறுத்தி, ஒரு கடையில் மீ கோரேங் சொன்னோம். வெயில் தாழ்ந்து நல்ல காற்று. சரசு அக்கா, "படம் நல்லாத்தான் இருந்திச்சு லா, செல்வி. அந்த மூணாவது பாட்டுல சேலை கலரு பாத்தியா?" என்றார். உன் அம்மா கரண்டியால் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாகப் படித்தவன் என்று பெயர் வாங்கியவன் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா? நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன். "எல்லாத்தையும் மாத்தினாலும், அந்த வெள்ளத்த மட்டும் அப்படியே புத்தகத்துல உள்ள மாதிரியே எடுத்திருக்கான். படிக்கும்போது எனக்கு எப்படி இருந்திச்சோ, அச்சு அசல் அப்படியே."

உன் அம்மா கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"எந்தப் பக்கத்துல?"

"என்னா?"

"வெள்ளம். புத்தகத்துல எந்தப் பக்கத்துல வருது?"

"அது... கடைசியிலதான். எத்தனாம் பக்கம்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

"அந்தப் புத்தகத்துல வெள்ளமே கெடையாது" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "கதை முழுக்க ஒரே கோடைக்காலம். தண்ணி வத்திக்கிட்டே போவும். கடைசிப் பக்கத்துல ஆத்துல இடுப்பளவுதான் தண்ணி இருக்கும்."

சரசு அக்கா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு இன்னொரு தட்டு சாத்தே சொல்வதற்காக எழுந்து போய்விட்டார். நல்ல மனுஷி. உன் அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அப்ப கோயில்ல சொன்னது?" நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது. வேனில் ஏறின பிறகு அவள் பேசியது சரசு அக்காவிடம்தான். "ஆத்துலயே பொறந்து வளந்தவ அக்கா. கண்ணைக் கட்டிவிட்டாலும் அக்கரைக்குப் போவா. அவளத் தண்ணியில தள்ளிவிட்டு இவன் காப்பாத்துறானாம்!" படத்தைத் திட்டுகிறாளா என்னைத் திட்டுகிறாளா என்று தெரியாமல் குட்டி சீட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. நீ விடுமுறைக்கு வந்தது அந்த இரண்டாவது வாரத்தில். ஞாபகம் இருக்கிறதா? "அப்பாவ பசியாற வரச் சொல்லு", "அம்மாகிட்ட லோரி சாவி எங்கன்னு கேளு" என்று இரண்டு பேரும் உன்னைத் தபால்காரனாக்கினோம். மூன்றாம் நாள் நீ பயந்துபோய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் மேத்ஸ்ல ஃபெயிலானது தெரிஞ்சிடுச்சாப்பா? அதுக்கா சண்டை?" என்று கேட்டாய். அப்போதுதான் நீ ஃபெயிலானதே எங்களுக்குத் தெரிந்தது. அதைக் கேட்டு அடுப்படியில் இருந்த உன் அம்மா சிரித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. நீ ஃபெயிலானதற்கு நான் உன்னைத் திட்டாமல் விட்டதன் காரணம் அதுதான். நன்றி சொல்லவேண்டியவன் எப்படித் திட்டுவது?

நீ ஊருக்குப் போன மறுநாள் பீரோவைத் திறந்து அந்த நாவலை எடுத்து லோரிக்குக் கொண்டுபோனேன். மில்லில் செம்பனைக் குலையை எடை போட வரிசையில் நின்றால் சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் ஆகும். மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள். நான் விரலை வரிக்கு அடியில் வைத்துப் படித்தேன். ஒரு நாளைக்கு மூன்று பக்கம், நான்கு பக்கம். "என்னா தலைவரே, பரீட்சையா?" என்று பயல்கள் கிண்டல் செய்தார்கள். அந்தப் பதினோரு பக்க ஆற்றைத் தாண்ட ஒரு வாரம் ஆயிற்று. தாண்டின பிறகுதான் அந்தப் பக்கங்கள் எதற்கு என்று புரிந்தது. எந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்தால்தான், அவள் கண்ணை மூடிக்கொண்டு பரிசல் ஓட்டும்போது நமக்கு மூச்சு முட்டாது. அவளை நம்புவதற்கு அந்த எழுத்தாளர் முதலில் நமக்கு ஆற்றைக் கற்றுக் கொடுத்திருக்கிறார். படத்தில் ஆறு வந்தது ஒரு பாட்டுக்குப் பின்னணியாகத்தான்.

எனக்கு முன்னால் வழக்கமாக நிற்கும் லோரி பாக் மாட் என்பவருடையது. ரெம்பியா மலாய்க் கம்போங்குக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து தினமும் என் லோரிக்கு வந்து ஏறி, தே தாரேக் டீயை ஊற்றிக் கட்டிய பையை ஜன்னலில் மாட்டிவிட்டு, "சம்போங்" என்பார். தொடர்ந்து சொல் என்று அர்த்தம். நான் படித்ததை மலாயில் சொல்வேன். பரிசலுக்கு மலாயில் என்ன வார்த்தை என்று தெரியாததால் அதைச் சம்பான் படகாக்கினேன். பஞ்சாயத்தை விளக்க முடியாததால் அதைத் தள்ளிவிட்டேன். ஒரு நாள் கதையில் ஒன்றுமே நடக்கவில்லை, அவளும் அவனும் கரையில் உட்கார்ந்து பேசாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான். பாக் மாட் கொட்டாவி விட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, ஒரு முதலையைக் கொண்டுவந்துவிட்டேன். பாக் மாட் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலை இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அதை எப்படிக் கதையிலிருந்து அனுப்புவது என்று தெரியாமல் திண்டாடினேன். அன்றைக்குத்தான் அந்த டைரக்டர்மேல் எனக்கிருந்த கோபம் பாதி போயிற்று. கேட்பவன் கொட்டாவி விடுகிற பயம் அவருக்கும் இருந்திருக்கும். மீதிப் பாதியும் கொஞ்ச நாளில் போய்விட்டது. ஏனென்றால் அவரும் என்னை மாதிரி யாரோ சொல்லிக் கேட்ட கதையை வைத்துத்தான் எடுத்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆறுமுகங்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

முடிவை உனக்குச் சொல்கிறேன், அது தெரியாமல் மற்றது விளங்காது. பாலம் கட்டி முடிகிறது. என்ஜினியர் அவளைக் கட்டிக்கொள்கிறேன், பட்டணத்துக்கு வா என்கிறான். சரி என்கிறாள். ஒன்றே ஒன்று கேட்கிறாள். ஒரு தடவை என் பரிசலில் ஏறி என்கூட அக்கரைக்கு வா, அங்கிருந்து சேர்ந்தே போவோம் என்கிறாள். மறுநாள் காலையில் அவள் பரிசலோடு காத்திருக்கிறாள். அவன் பாலத்தின்மேல் நடந்து அக்கரைக்குப் போய் நின்றுகொண்டு கையசைக்கிறான். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பரிசலைத் திருப்பிக்கொண்டு ஆற்றோடு போய்விடுகிறாள். அவ்வளவுதான் கதை. இதை மலாயில் சொல்லி முடித்ததும் பாக் மாட் கோபத்தில் டாஷ்போர்டைத் தட்டினார். "ஏன் அவன் சம்பான்ல ஏறல? ஏறினா என்ன, செத்தா போயிடுவான்?" என்று அவர் பாஷையில் கத்தினார்.  உன் அம்மா கொடுத்த புத்தகத்துக்குள் ஏறாமல், ஆறுமுகம் போட்ட பாலத்தில் நடந்துபோய் அக்கரையில் நின்று கையசைத்தவன் நான். அந்தப் பெண் செய்தது சரி என்று என் வாயாலேயே தீர்ப்பும் சொல்லியிருக்கிறேன். சிரம்பானுக்குப் போகவேண்டாம் என்று நான் சொன்னபோது அவள் 'நீங்களா' என்று ஏன் கேட்டாள் என்பது ஒன்பது வருஷம் கழித்து, மில் வாசலில் எனக்குப் புரிந்தது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் உன் அம்மா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். "படிச்சிட்டேன்" என்றேன். அவள் திரும்பாமலேயே, "முழுசா?" என்றாள். "முழுசா. நாலு மாசத்துக்கு மேல ஆச்சு." அப்போதுதான் திரும்பினாள். பழைய கேள்வியைக் கேட்டாள். "அவ செஞ்சது சரியா?"

சரி என்று சொல்லியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் படித்துவிட்டேனே, என்ன செய்வது? "தப்பு" என்றேன். உன் அம்மாவின் கையிலிருந்த கிளிப்பெல்லாம் கீழே விழுந்தது. "அவனோட அண்ணன் கெணத்துல விழுந்து செத்திருக்கான், செல்வி. நடுவுல ரெண்டே வரியில வருது. அவனுக்குத் தண்ணின்னா பயம். இடுப்பளவோ முழங்காலளவோ, பயத்துக்கு அளவு இருக்கா? அவன் அத அவகிட்ட சொல்லல. அவளும் ஏன் ஏற மாட்டேங்கறேன்னு ஒரு வார்த்தை கேக்கல. திருப்பிக்கிட்டுப் போயிட்டா. கேட்டிருக்கணும்ல?"

"எந்த ரெண்டு வரி? அப்படியெல்லாம் இல்ல. கொடுங்க இங்க" என்று புத்தகத்தைப் பிடுங்கினாள். நான் முனை மடித்து வைத்திருந்த பக்கத்தை எடுத்துக் காட்டினேன். அவள் நின்றபடியே படித்தாள். எத்தனையோ தடவை படித்தவள், அந்த இரண்டு வரியை ஓட்டமாகத் தாண்டிப் போயிருக்கிறாள். வேகமாகப் படிப்பவர்களுக்கு அது ஒரு கஷ்டம். ஒவ்வொரு வார்த்தையாக ஊர்ந்து போகிறவன் எதையும் தாண்ட முடியாது. அவள் மடித்த முனையை விரலால் நீவிவிட்டாள். பிறகு, "நீங்க ஏன் அப்ப படிக்கல?" என்று கேட்டாள். அது நாவலைப் பற்றிய கேள்வி இல்லை. நானும் மறைக்கவில்லை. எழுத்து நழுவுவதை, கட்டுரையில் பரிசு வாங்கியவளிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொல்லியிருந்தா நான் படிச்சுக் காட்டியிருப்பேன்ல" என்றாள். அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள். அதற்கப்புறம் நாங்கள் சண்டை போட ஆரம்பித்தோம். நிஜமான சண்டை, முகிலா. அவள் போனது சரிதான் என்று இவள், கேட்டிருக்கணும் என்று நான். சோறு வடிக்கும்போதும் சண்டை, சாப்பிடும்போதும் சண்டை. சரசு அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்து, என்ன விஷயம் என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு போனார். இன்றுவரை அந்தச் சண்டை முடியவில்லை. என் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான ஒரு சாயங்காலம் அதற்கு முன்னால் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் அம்மா திடீரென்று சிரம்பானுக்குப் பயிற்சிக்குப் போனாளே, அது ஏன் என்று நீ கேட்கவே இல்லை. பாரத்தை நான்தான் வாங்கி வந்தேன். இடம் இன்னும் இருக்குமா என்ற பயத்தோடுதான் போனேன், இருந்தது. அந்த மூன்று மாதத்தில் நான் சமைத்த சம்பலைத் தின்றுவிட்டு நீ விடுமுறையைப் பாதியில் முடித்துக்கொண்டு ஓடியது உனக்கு மறந்திருக்காது. இப்போது அவளுடைய பாலர் பள்ளிக்குப் போகும்போதெல்லாம், முப்பது பிள்ளைகள் அவளைச் சுற்றிக் கத்துவதைப் பார்க்கும்போதெல்லாம், ஒன்பது வருஷத்தை நான் வீணாக்கியது உறுத்தும். உறுத்தட்டும். அவள் அந்தச் சத்தத்துக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

பயிற்சி முடிந்து வந்த பிறகு அதே படம் கேசட்டில் வந்தது. உன் அம்மாவே எடுத்து வந்தாள். இந்தத் தடவை இருவரும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தோம். வெள்ளம் வந்ததும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் நடுவில் ஓர் இடத்தில், நிறுத்துங்க என்று சொல்லிப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். தகப்பன் செத்த மறுநாள் அந்தப் பெண் முதன்முதலாகத் தனியாகப் பரிசல் ஓட்டுகிறாள். பாட்டு இல்லை, வசனம் இல்லை, துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் மட்டும். தோள் பத்தாது என்று உன் அம்மா குறை சொன்ன அந்த நடிகையின் கை நடுங்குகிறது. புத்தகத்தில் அந்த இடம் 'அவள் துடுப்பை எடுத்தாள்' என்பதோடு சரி. உன் அம்மா மூன்று தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "இது புத்தகத்துல இல்ல. ஆனா இருந்திருக்கணும்." அப்புறம் யாராவது படத்தைத் திட்டினால் அவள் கேட்கும் முதல் கேள்வி, புத்தகத்தைப் படிச்சியா என்பது. யாராவது படத்தைப் புகழ்ந்தாலும் அதே கேள்விதான்.

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். படம் நல்லதா புத்தகம் நல்லதா என்பது பெரிய விஷயம் இல்லை. படம் என்பது யாரோ ஒருவர் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு நமக்குச் சொல்வது. நன்றாகவும் சொல்லலாம், முதலையும் விடலாம். ஆனால் ஒருத்தி தன் கையால் ஒரு புத்தகத்தை உன்னிடம் கொடுக்கிறாள் என்றால், இன்னொருவர் அதைப் பற்றிச் சொன்னது அவளுக்கு வேண்டியதில்லை. நீ என்ன சொல்லப்போகிறாய் என்றுதான் காத்திருப்பாள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாலும் பரவாயில்லை.

போன வாரம் உங்கள் கல்யாண அழைப்பிதழ்க் கட்டைக் கொடுக்க நீயும் பவானியும் இங்கே வந்தீர்கள் அல்லவா? நீங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, கண்ணாடி தேடிக்கொண்டிருந்தேன். "நான் குடுத்த புக் படிச்சீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "அது படமா வந்திச்சுல? வீடியோல பாத்துட்டேன். சேம் ஸ்டோரிதானே லா" என்று நீ சொன்னாய். அவள் "ம்" என்றாள். அவ்வளவுதான், சிரித்துக்கொண்டுதான் காரில் ஏறினாள். நீ அந்தப் புத்தகத்தை எங்கள் டிவி மேலேயே மறந்துவைத்துவிட்டுப் போய்விட்டாய்.

அதை இந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்புகிறேன். மனசில்லாமல்தான் அனுப்புகிறேன். நாற்பத்தோராம் பக்கத்தில் முனை மடித்திருப்பது நான்தான், பவானியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். என் இங்கிலீஷ் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உனக்கே தெரியும். உன் பழைய அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறேன், மாட்டிக்கொள்கிற இடத்தில் அம்மா சொல்லித் தருகிறாள். அந்தக் கிழவன் குதிரையை விற்றுவிடுவானோ என்று மூன்று நாளாக எனக்கு ஒரே கவலை. நீ படம் பார்த்தவன், உனக்குத் தெரிந்திருக்கும். தயவு செய்து சொல்லிவிடாதே. சீக்கிரம் படித்து முடித்துவிட்டு, கல்யாணத்துக்கு வரும்போது கையோடு எடுத்து வா.

அப்பா